சேர்வராயன் மலைக்கு விருந்தாளியாகப் போவது எப்படி?

சேலத்தில் யார் வீட்டுக்காவது வெளியூர் உறவினர் வந்தால் மூன்றாம் நாள் சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காடு என்பது எழுதாத சட்டம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஏரியில் ஒரு படகுச் சவாரி, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று சேலத்து விளக்குகளைக் காட்டி ஒரு புகைப்படம், வழியில் மிளகாய் பஜ்ஜி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. இப்படி இருபது முறையாவது போயிருப்பேன். ஒருநாள் மலைக்கிராமம் ஒன்றில் வண்டி பஞ்சராகி நின்றது. ஒரு மூதாட்டி திண்ணையில் உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு, “எந்த ஊர் கண்ணு?” என்று கேட்டார். அந்த மலையின் சொந்தக்காரர்களில் ஒருவரிடம் நான் பேசியது அதுவே முதல் முறை. வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வழிகாட்டி அந்த வெட்கத்தில் எழுதியது. பார்க்க வேண்டிய பத்து இடங்களின் பட்டியல் எந்த விடுதி வரவேற்பறையிலும் கிடைக்கும். சாமியும் காடும் குடிகளும் ஒன்றாக இருக்கும் ஒரு மலைக்கு இரண்டு நாள் போய், யார் மனமும் கோணாமல் எப்படித் திரும்புவது என்பதை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: யார் மலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்டி ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஏற்காட்டைச் சுற்றி 67 மலைக்கிராமங்கள் என்பது பேச்சு வழக்குக் கணக்கு. வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, நாகலூர், செம்மநத்தம், தலைச்சோலை, வாழவந்தி, மாரமங்கலம் என்று பேருந்துப் பலகைகளிலேயே பாதிப் பெயர்களைப் படித்துவிடலாம். இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். சேலம், தருமபுரி உள்ளிட்ட பகுதிகளில் பட்டியல் பழங்குடியினராக இவர்கள் அறிவிக்கப்பட்டிருக்கிறார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதிதான். “நீங்கள் கேரளாவா?” என்று கேட்டு ஒரு பெரியவரின் முகம் சுருங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.

தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அண்ணன் தம்பி மூவர். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அண்ணன் தம்பி முறை மட்டும் மாறாது. கொல்லிமலைக்காரரைப் பங்காளி போலப் பேசுவதன் காரணம் இதுதான்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் இங்கே காப்பியையும் பலவகைப் பழமரங்களையும் கொண்டுவந்து நட்டார் என்பது வரலாறு. அவரை ‘ஏற்காட்டின் தந்தை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் வருவதற்கு முன்பே மலைச்சாமி சேர்வராயனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்டு என்ன நினைப்பார்களோ!

அடுத்து: நாள் குறிப்பது

சனி, ஞாயிறு வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்பேன். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான். அதனால் விடுமுறை நாளில் பாதிச் சேலம் அங்கேதான் இருக்கும்.

மே மாதத்தில் அரசு நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வருகின்றன. மலர்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் போகலாம். ஊரைப் பார்க்க அது நாளன்று. அந்த நாள்களில் மேலேற ஒரு பாதை, கீழிறங்க இன்னொரு பாதை என்று போக்குவரத்தை மாற்றிவிடுவதும் உண்டு.

என்னைக் கேட்டால் இரண்டு பருவங்கள். ஒன்று, பங்குனி, சித்திரையில் முதல் கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து. காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மலை முழுவதும் மல்லிகைப் பந்தல் போல மணக்கும். மூன்று, நான்கு நாள்தான் அந்தக் கோலம். இதற்குத் தேதி சொல்ல முடியாது. ஏற்காட்டில் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் மழை பெய்ததும் சொல்லச் சொல்லுங்கள். மற்றொன்று, கார்த்திகை முதல் தை வரை. காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயப்போடும் காலம். ஊரில் ஆள் இருப்பார்கள், வேலை நடக்கும், பேச்சும் நடக்கும். கிளியூர் அருவியில் தண்ணீர் விழ வேண்டும் என்றால் ஐப்பசி மழைக்குப் பின் போங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே அருவியாகிறது. கோடையில் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு ஊரைத் திட்டுவதில் பயனில்லை.

மாசி முதல் வைகாசி வரை காட்டுத்தீக் காலம். அந்த மாதங்களில் காட்டுக்குள் நடக்கும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

மலை ஏறும் வழி

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்துகள் போகின்றன. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். முடிந்தால் பேருந்தில் போங்கள் என்பேன். மலைக்கிராமத்துப் பெண்கள் சந்தைப் பையோடு ஏறுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள், ஒருமணி நேரத்துக்கு மேல் கூடவே உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைய செய்தியெல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். எந்த ஊரில் காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தது, எங்கே மரம் விழுந்தது, எந்தக் கோவிலில் எப்போது நோன்பு சாட்டப்போகிறார்கள் என்பதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் வராது.

சொந்த வண்டி என்றால் இரண்டு பழக்கம் போதும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு போகும் பாதை இருக்கிறது.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. எவர்சில்வர் தூக்கு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. இவற்றை எடுத்துக்கொண்டாலே சாவடியில் நிற்கும் நேரம் பாதியாகிவிடும்.

வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். வாழைப்பழம் நீட்டாதீர்கள். நீங்கள் புண்ணியம் தேடிக்கொண்டு போய்விடுவீர்கள். கொடுத்துப் பழக்கப்பட்ட குரங்கு மறுநாள் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குவது மலைக்காரர் அடுப்படியில்தான்.

எது காடு, எது தோட்டம், எது ஊர்?

ஏற்காட்டில் எல்லாம் பச்சையாக இருப்பதால் எல்லாமே பொது இடம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஓர் அடி தூரத்தில் சட்டம் மாறிவிடும்.

உயரமாக நேர்க்கோடு பிடித்தாற்போல் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி என்றால் அது தனியார் தோட்டம். வேலி இல்லாவிட்டாலும் உள்ளே போகக் கேட்க வேண்டும். மிளகுக் கொத்தையோ காப்பிப் பழத்தையோ கிள்ளுவது களவுதான், சின்னக் களவு என்று ஒன்று கிடையாது. வரிசை இல்லாமல், புதரும் கொடியும் பின்னிக் கிடந்தால் பெரும்பாலும் காப்புக்காடு. எல்லையில் கற்குவியல்களோ வனத்துறைப் பலகையோ இருக்கும். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், எதையும் எடுப்பதும் குற்றம். வேட்டைக்கும் விலங்குகளைத் துன்புறுத்துவதற்கும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

“அந்த அம்மா மட்டும் கடுக்காய் பொறுக்குகிறாரே?” என்று கேட்பீர்கள். அவருக்கு உரிமை உண்டு. காட்டில் விளையும் தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டைச் சார்ந்து வாழும் குடிகளுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. அந்த உரிமை பரம்பரையாக அங்கே வாழ்பவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தவருக்கு இல்லை.

காடு, தோட்டம், ஊர் என்ற மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒரு வகை இருக்கிறது. எந்தப் பலகையும் இருக்காது. ஒரு பெரிய மரத்தடியில் நட்ட கல், துருப்பிடித்த வேல் ஒன்றிரண்டு, மஞ்சள் துணி. அது சாமியின் இடம். அங்கே கிளையைக்கூட ஒடிக்கமாட்டார்கள். நிழலாக இருக்கிறதே என்று அதன்கீழ் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் போன பிறகு தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். அந்த மௌனம் கண்டிப்பைவிடக் கனமானது.

சேர்வராயன் கோவில்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஏரியிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர். மலையின் உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், பெரிய புல்வெளித் தட்டு. இந்த மலைத்தொடரின் தலைகள் பல இப்படித் தட்டையானவை. மேலே பாக்சைட் படிவம் போர்வை போலக் கிடக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அந்தப் போர்வையைப் பல இடங்களில் உரித்தார்கள். தழும்பு இன்னும் தெரிகிறது.

கோபுரத்தைத் தேடாதீர்கள். சாமி குகைக்குள் இருக்கிறார். நுழைவாயில் தாழ்வானது, உள்ளே இருட்டு, குறுகல். எவ்வளவு பெரிய மனிதரும் முதுகை வளைத்துத்தான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலைக்கு ஒரு சாமி, ஆற்றுக்கு ஒரு சாமி, இருவரும் ஒரே குகையில். குகையின் உள்வழி காவிரிவரை போகிறது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. நிலவியல் பேசி அதை மறுக்க வேண்டிய இடம் குகையின் வாசல் இல்லை.

போகும் முறையைச் சொல்கிறேன். காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் வண்டிகள் வரிசைகட்டும். செருப்பை வெளியே எங்கே மற்றவர்கள் விட்டிருக்கிறார்களோ அங்கேயே விடுங்கள், குகை வாசல்வரை போட்டுக்கொண்டு வராதீர்கள். உள்ளே ஒரு நேரத்தில் சிலர்தான் நிற்க முடியும். வெளியே வருபவருக்கு முதலில் வழி. கைப்பேசி வெளிச்சத்தைச் சாமி முகத்தில் அடிக்காதீர்கள். விளக்கின் ஒளிக்குக் கண் பழக ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடம்தான் தரிசனம். படம் எடுக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். அவர் தலையசைக்காவிட்டால் அதற்குப் பொருள் ‘வேண்டாம்’ என்பதுதான். மூச்சுத் திணறல் உள்ளவர்களும் இருட்டுக்கு அஞ்சும் குழந்தைகளும் வாசலில் இருந்தே கும்பிடலாம், சாமி கோபித்துக்கொள்ளமாட்டார்.

தரிசனம் முடிந்ததும் ஓடிவிடாமல் புல்வெளியில் சற்று உட்காருங்கள். இந்த மலையின் பெயரை அறிவியலே தன் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்றொரு செடி இந்த மலையின் பெயரைத் தாங்கியது. பகலில் பாறைகளில் திரியும் சிறு பல்லி ஒன்றுக்கு 2000ஆம் ஆண்டில் ஏற்காட்டின் பெயரையே வைத்தார்கள். ஆகவே பாறையில் பெயர் செதுக்குபவர்களே, உங்கள் பெயருக்கு முன்பே அங்கே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருவிழா நாளில் போனால்

ஆண்டுத் திருவிழா கோடையில், மே மாதத்தையொட்டி வரும். தேதியை ஊர்ப் பெரியவர்கள் கூடித்தான் குறிப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் தேதியை நம்பி விடுதி எடுக்காமல் ஏற்காட்டுக் கடைத்தெருவில் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் அத்தனையும் திரண்டு வரும். பிழைப்புக்குச் சேலத்துக்கும் திருப்பூருக்கும் போனவர்கள்கூட அன்று மேலே இருப்பார்கள்.

அன்று நீங்கள் பார்வையாளர்கூட இல்லை, ஓரத்தில் நிற்க இடம் கிடைத்தவர். மேளக்காரர்களுக்கு முன்னால் கேமராவோடு பின்னோக்கி நடக்காதீர்கள். அருள் வந்து ஆடுபவரைப் படம் பிடிக்கவே கூடாது. அவருக்கு அது காட்சி இல்லை. ட்ரோன் பறக்கவிடும் எண்ணமிருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குடித்துவிட்டு வருவதைப் பற்றி எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. சாப்பாடு பரிமாறி உட்காரச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ‘பழக்கமில்லை’ என்று தட்டை நகர்த்துவதைவிட ‘கொஞ்சம் போதும்’ என்பது நல்லது. காணிக்கை போட வேண்டுமென்றால் உண்டியலில் போடுங்கள், யார் கையிலும் திணிக்க வேண்டாம்.

தைப் பொங்கலுக்கு மலையில் இருக்க நேர்ந்தால் காளையைக் கயிற்றில் பிடித்து விளையாடும் எருதாட்டம் பார்க்கலாம். மேட்டில் நின்று பாருங்கள். கயிற்றைப் பிடிப்பவர்கள் பழகியவர்கள், நீங்கள் பழகியவர் இல்லை.

மலைக்கிராமத்துக்குள்

இரண்டாம் நாளை முழுவதுமாக இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை ஒன்று நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமாகத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே வளைந்து போகிறது. காரில் ஒருமணி நேரத்தில் சுற்றிவிடலாம், அப்படிச் சுற்றினால் ஒன்றும் கிடைக்காது. கிராமப் பேருந்தில் போய் ஓர் ஊரில் இறங்கி, அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே இருங்கள். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுவது முக்கியம். நான் ஒருமுறை மறந்துபோய் ஒன்பது கிலோமீட்டர் நடந்தேன்.

முதலில் பெட்டிக்கடைக்குப் போங்கள். ஒரு தேநீர் குடியுங்கள். எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கே வழி திறக்கும். வயதில் பெரியவரை ஐயா, அம்மா என்றோ, பேச்சு நெருங்கினால் அண்ணா, அக்கா என்றோ கூப்பிடுங்கள். உங்களைவிட எளிய உடையில் இருக்கிறார் என்பதற்காக ‘நீ, வா, போ’ என்று பேசும் சமவெளிப் பழக்கத்தை மலையடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வரியை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அதை வையுங்கள்.

வீட்டைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளைத் தாயிடம் கேட்டு எடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் பத்து ரூபாயும் நீட்டாதீர்கள். வண்டியைக் கண்டாலே கை நீட்டும் பழக்கத்தை நாம்தான் ஏற்படுத்துகிறோம். எதையாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வாங்குங்கள். தை, மாசியில் மிளகு, ஆனி வாக்கில் பலா, வறுத்தரைத்த காப்பித்தூள், கிடைத்தால் சாமை அரிசி. வாங்கும்போது பேரம் வேண்டாம். ஏரிக்கரைக் கடையில் அச்சிட்ட விலைக்கு வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, பறித்தவரிடம் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது நம் ஊர் வழக்கம். அதற்குப் பெயர் சாமர்த்தியம் இல்லை.

மலைத்தேன் என்று சாலையோரத்தில் விற்பதையெல்லாம் நம்ப வேண்டாம். சர்க்கரைப் பாகு என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரியும்.

காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால்

அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. இணையவழியில் முன்பதிவு செய்தால் உள்ளூர் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டியாக வருவார்கள். கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மலையிலேயே தங்கும் சில வழிகளில் இது ஒன்று.

காட்டெருமை எதிர்ப்பட்டால் நில்லுங்கள். கத்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், படமெடுக்கக் கிட்டே போகாதீர்கள். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பார்ப்பதற்குப் பால்மாடு போல அசையாமல் நிற்கும். பாயும்போது அது எந்தப் பால்மாடு மாதிரியும் இருக்காது. மாலை ஐந்துக்குப் பிறகு தோட்டத்துச் சாலைகளில் கால்நடையாகப் போவதை உள்ளூர்க்காரர்களே தவிர்க்கிறார்கள்.

நடக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஆர்க்கிட் பண்ணை இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் அதைத் தொடங்கியது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களையும் பூச்சி தின்னும் குடுவைச் செடியையும் அங்கே பார்க்கலாம். வார நாளில் போவது நல்லது. காட்டில் பார்த்த ஆர்க்கிட்டைப் பிய்த்துக்கொண்டு போய் வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் ஆசை உள்ளவர்கள் முதலில் இங்கே வந்து, அதை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று பார்க்கட்டும்.

பகோடா பாயின்டுக்குப் போனால் கல்லின்மேல் கல்லாகக் கூம்பு வடிவில் அடுக்கியிருப்பதைக் காண்பீர்கள். பழங்குடியினர் அடுக்கியவை என்பது வழக்கு. பக்கத்தில் ராமர் கோவில். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஐந்தாறு கற்களை அடுக்கிப் படம் எடுக்காதீர்கள். கல்லுக்கடியில் தேளும் பல்லியும் குடியிருக்கும்.

இறங்கும்போது

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மழைநாளில் மேகம் சாலைமேல் உட்கார்ந்துகொண்டால் அடுத்த வளைவே தெரியாது. குப்பைப் பையை மலையிலேயே ஏதோ ஒரு தொட்டியில் போட்டுவிட்டு வராமல் சேலம்வரை கொண்டுவாருங்கள். மேலே நிரம்பிய தொட்டியைக் கிளறுவது முதலில் குரங்கு, பிறகு காட்டெருமை. அடிவாரம் வந்ததும் குளிர்சட்டையைக் கழற்றி வையுங்கள், கோரிமேட்டுக்குள் வியர்த்துவிடும். காப்பித்தூளை மட்டும் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எங்கே வாங்கினீர்கள் என்று கட்டாயம் கேட்பார். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.